மின்சாரம் கடத்தும் கறுப்புச் சாயம்

மின்கடத்தும் பாலிமரை, அதாவது சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகக் கோத்த பொருளை, துணியின் மேல் படியவைத்து, அத்துணியையே வளையும், நீளும் உணரியாக (சென்சாராக) மாற்றும் தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மின்னணுவியல் பக்கமிருந்தே தொடங்குகிறார்கள். திருப்பூரில் பின்னலாடைச் சாய ஆய்வகம் ஒன்றில் வேலை செய்யும் எனக்கு அது முதலில் ஒரு சாயமேற்றும் வேலையாகவே தெரிகிறது. துணியைத் தொட்டியில் இறக்குகிறோம், ஒரு கரைசலோடு இன்னொரு கரைசலைச் சேர்க்கிறோம், இழைகளின் மேல் ஒரு பொருள் படிகிறது, அலசிக் காயவைக்கிறோம். வெளியே வரும் துணி கறுத்திருக்கிறது, கூடவே மின்சாரத்தையும் கடத்துகிறது. அது நல்ல உணரியாக நிலைக்குமா அல்லது சில சலவைகளிலேயே செயலிழந்துவிடுமா என்பதைப் பின்னால் இணைக்கப்படும் சில்லும் மென்பொருளும் தீர்மானிப்பதைவிட, தொட்டிக்குள் படிவு சீராக நடந்ததா, படிந்தது இழையை விடாமல் பற்றிக்கொண்டதா என்பவையே அதிகம் தீர்மானிக்கின்றன. இந்தப் பதிவில் நான் சொல்ல விரும்புவது அதைத்தான்.

இத்துறையில் நான் அறிந்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது, ஆஸ்திரேலியாவின் வொல்லாங்காங் பல்கலைக்கழகமும் அந்நாட்டு அரசின் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வும் இணைந்து உருவாக்கிய முழங்கால் உறை. ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டத்தில் வீரர்கள் பந்தைப் பிடிப்பதற்காக உயரத் தாவித் தரையிறங்குகிறார்கள். அப்போது முழங்காலைப் போதிய அளவு மடக்காமல் விறைப்பாக இறங்கினால், எதிரணி வீரர் எவரும் மோதாமலேயே முன் சிலுவைத் தசைநார், அதாவது ஆட்டக்காரர்கள் ஏ.சி.எல். என்று அஞ்சிப் பேசும் அந்தத் தசைநார், கிழிந்துபோகும் ஆபத்து உண்டு. மடக்கி இறங்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால், ஒவ்வொரு தாவலின்போதும் அந்த நொடியிலேயே வீரருக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும். கேமராப் பதிவைப் பிறகு உட்கார்ந்து பார்ப்பதில் அந்த உடனடித்தன்மை கிடைப்பதில்லை. பாலிமர் இயலில் பெயர்பெற்ற கோர்டன் வாலஸும், மனித உடலியக்கத்தை ஆராயும் ஜூலி ஸ்டீலும் அவர்களுடைய குழுவினரும் கண்ட தீர்வு, நைலானும், லைக்ரா என்னும் மீள்தன்மை உள்ள இழையும் கலந்த துணிப் பட்டை ஒன்றில் பாலிபைரோல் என்னும் மின்கடத்தும் பாலிமரைப் படியவைத்து, அதை முழங்கால் உறையின் முன்பக்கத்தில் பொருத்துவதாக இருந்தது. முழங்கால் மடங்கும்போது பட்டை நீளும். நீளும்போது அதன் மின்தடை மாறும். முன்கூட்டி நிர்ணயித்த கோணத்தை எட்டியதும் உறையிலுள்ள சிறு கருவி ஓர் ஒலியை எழுப்பும். ஒலி வந்தால் சரியாக மடக்கியாயிற்று என்று பொருள். இந்த உறையைப் பற்றிய அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 2008-ஆம் ஆண்டு வெளியானது.

அந்தப் பட்டை எப்படி உருவாகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பைரோல் என்பது சிறிய மூலக்கூறுகளாலான ஒரு திரவம்; புதிதாக வடித்தெடுத்தால் நிறமற்று இருக்கும், காற்றில் வைத்திருந்தால் பழுப்பேறும். அதை நீரில் கலந்து, அதற்குள் துணியை இறக்கி ஊறவிட்டு, குளிர்ந்த நிலையில், அதாவது 5 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்துக்கொண்டு, ஃபெரிக் குளோரைடு என்னும் இரும்பு உப்பின் கரைசலை மெல்லச் சேர்த்தால், தொட்டியிலுள்ள நீர் சற்று நேரத்திலேயே பசுமை கலந்த கறுப்பாகத் திரளத் தொடங்கும். துணி முதலில் சாம்பல் நிறமாகும், பிறகு கருஞ்சாம்பல், பிறகு முழுக் கறுப்பு. பீக்கரின் கண்ணாடிச் சுவரிலும் அதே கறுப்பு ஒரு மெல்லிய தோலாக ஒட்டியிருக்கும். பைரோல் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துச் சிறு சங்கிலிகளாகி, நீரில் நிற்க முடியாமல் கிடைத்த பரப்பின் மேல் ஒதுங்கி, அங்கேயே மேலும் நீள்வதால் இது நிகழ்கிறது. துணியில் பரப்பு மிகுதி என்பதால் பெரும்பகுதி துணிக்குப் போகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனுள்ள படலம் ஒவ்வோர் இழையையும் தனித்தனியாகச் சுற்றியிருப்பதும், இழைகளுக்கு இடையேயுள்ள வெளி அடைபடாமல் இருப்பதும் தெரியும். துணி துணியாகவே இருக்கிறது. காற்று புகுகிறது, வளைகிறது, கைக்கு ஏறத்தாழப் பழைய மென்மையே கிடைக்கிறது. ரப்பர் பூச்சிலோ அச்சிட்ட கடத்தும் மையிலோ இந்த நயம் கிடைப்பதரிது.

இந்த முறையைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள மில்லிகன் துணி நிறுவனத்தின் ஆய்வாளர்கள். ஹான்ஸ் கூன் முன்னின்று நடத்திய அந்தப் பணிக்கான காப்புரிமை 1989-இல் வழங்கப்பட்டது. நிலைமின்சாரத்தைத் தடுக்கும் துணியும், ரேடார் அலைகளை உறிஞ்சும் துணியும் அவர்களுடைய இலக்குகளாக இருந்தன. உடலில் அணியும் உணரி என்ற எண்ணம் அப்போது பின்னணியில்கூட இல்லை. ஒரு சாதாரணத் துணி ஆலையின் சாயக் கூடத்தில் ஏற்கெனவே இருக்கும் இயந்திரங்களைக் கொண்டே இந்தப் படிவைச் செய்யலாம் என்று அவர்கள் காட்டியதை நான் பெரிய பங்களிப்பாகக் கருதுகிறேன்.

பாலிமர் எப்படி மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சங்கிலி நெடுகிலும் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி அமைந்திருக்க, அதிலிருந்து சில எலக்ட்ரான்கள் நீக்கப்பட்டால், எஞ்சிய நேர்மின் சுமை சங்கிலியில் நகரத் தொடங்குகிறது. ஷிராகாவா, மேக்டயர்மிட், ஹீகர் ஆகிய மூவரும் 1977-இல் பாலிஅசிட்டிலீனில் அயோடினைச் சேர்த்து இதை நிறுவி, 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்கள். பாலிஅசிட்டிலீன் காற்றில் விரைவில் கெட்டுவிடுவதால் துணிக்கு உதவவில்லை. பாலிபைரோல், பாலிஅனிலின், பெடாட் ஆகிய மூன்று பாலிமர்களுமே துணிக்கு வந்து சேர்ந்தன.

இவற்றுள் பாலிஅனிலினின் வரலாறு சாயத் தொழிலில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. இங்கிலாந்தின் லங்காஷயரில், அக்ரிங்டன் என்ற ஊரைச் சேர்ந்த ஜான் லைட்ஃபுட் 1863-இல் பருத்தித் துணியின் மேலேயே அனிலின் உப்பை ஆக்சிஜனேற்றம் செய்து கறுப்பு நிறத்தைப் பெறும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அனிலின் கறுப்பு என்று பெயர்பெற்ற, அடிப்படையில் பாலிஅனிலினேயான அந்தச் சாயம் பிறகு பல்லாண்டுகள் உலகெங்கும் பயன்பட்டது. அதில் ஒரே ஒரு பெருங்குறை இருந்தது: எரிவாயு விளக்குகளின் புகையிலிருந்தும் தொழிற்சாலைக் காற்றிலிருந்தும் வரும் கந்தக டைஆக்சைடு பட்டால் கறுப்பு மங்கிப் பச்சையாகும். பச்சையாகாத கறுப்பைத் தருவதற்காகச் சாயக்காரர்கள் குரோமேட் உப்புகளைக் கொண்டு அதை மேலும் ஆக்சிஜனேற்றம் செய்தார்கள். கறுப்பிலிருந்து பச்சைக்கும், பச்சையிலிருந்து நிறமற்ற நிலைக்கும் செல்லும் படிநிலைகளை 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேதியியலாளர்கள் ஆர்தர் கிரீனும் உட்ஹெட்டும் ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டார்கள். எமரால்டின் என்ற பெயர் அவர்களுடைய அந்த வரிசையில் இடம்பெற்றதே. 1980-களில் மேக்டயர்மிட்டும் அவருடைய குழுவினரும் பாலிஅனிலினை மீண்டும் கையிலெடுத்தபோது, அமிலம் ஏறிய எமரால்டின், அதாவது அந்தப் பச்சைதான், மின்சாரத்தை நன்கு கடத்தும் நிலை என்று தெளிவாயிற்று. லங்காஷயரின் சாயக்கூடங்கள் எந்தப் பச்சையைத் துரத்த இவ்வளவு பாடுபட்டனவோ, அதைத் துணியில் தக்கவைக்கவே இன்றைய ஆய்வாளர்கள் பாடுபடுகிறார்கள். வேதியியல் ஒன்றே, வாடிக்கையாளரின் தேவைதான் மாறியிருக்கிறது.

அந்தப் பச்சையைத் தக்கவைப்பது எளிதன்று. எமரால்டின் தன் அமிலத்தை இழந்தால் நீலமாகி, மின்கடத்தும் திறனைப் பெருமளவு இழந்துவிடும். சலவைத்தூள் கரைந்த நீர் காரத்தன்மை உடையது. ஆகவே ஒருமுறை துவைத்தாலே இந்த இழப்பு தொடங்கிவிடுகிறது. அதே காரணத்தால், காற்றிலுள்ள அம்மோனியாவைக் கண்டறியும் துணி உணரியாகப் பாலிஅனிலின் சிறப்பாக வேலை செய்கிறது: அம்மோனியா அமிலத்தைப் பறிக்கிறது, மின்தடை உயர்கிறது, தூய காற்று பட்டால் ஓரளவு மீள்கிறது. அதனால் நான் பாலிஅனிலினை உடலசைவுக்கான ஆடைகளுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வேதிவாயுக்கள் கசியக்கூடிய இடங்களில் அணியும் மேலுடைக்கு, துவைக்கும் முன் கழற்றிவிடக்கூடிய துண்டாக இருக்குமானால், அது பொருத்தமானது.

இனி நீட்சிக்கு வருவோம். பின்னல் துணியை இழுக்கும்போது நிகழ்வது ஒன்றன்று, இரண்டு. முதலில், வளையங்கள் நேராகி ஒன்றையொன்று இறுக்கி அழுத்துகின்றன. கடத்தும் படலம் உள்ள இழைகள் அதிக இடங்களில் தொட்டுக்கொள்வதால் மின்தடை குறைகிறது. மேலும் இழுத்தால் இழையே நீள்கிறது. அதன் மேலுள்ள படலம் அவ்வளவு நீளாது என்பதால் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன, மின்தடை கூடுகிறது. ஒரே துணி, ஒரே இழுப்பில், முதலில் ஒரு திசையிலும் பிறகு எதிர்த்திசையிலும் போகலாம். எந்த நீட்சியில் அந்தத் திருப்பம் வரும் என்பதை வளையத்தின் நீளம், லைக்ராவின் அளவு, துணியின் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டரின் எடை), படலத்தின் தடிமன் ஆகியவை சேர்ந்து தீர்மானிக்கின்றன. பின்னல் இயந்திரத்தில் வளைய நீளத்தைச் சற்றே மாற்றினால் உணரியின் குணமே மாறிவிடும் என்பதை, இத்துறைக்குப் புதிதாக வரும் மின்னணுப் பொறியாளர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இத்தாலியின் பிசா பல்கலைக்கழகத்தில் டானிலோ டி ரோஸ்ஸியின் குழு 1990-களின் பிற்பகுதியில் பாலிபைரோல் படிந்த லைக்ராத் துணியைக் கொண்டு விரலசைவை அறியும் கையுறைகளை உருவாக்கியது. அவர்கள் அளந்து வெளியிட்ட எண்கள் இன்றும் படித்துச் சிந்திக்கத் தக்கவை. சிறு நீட்சிகளுக்கு அத்துணியின் உணர்திறன் காரணி ஏறத்தாழ மைனஸ் 13. அதாவது 1 சதவீதம் நீண்டால் மின்தடை ஏறத்தாழ 13 சதவீதம் குறையும். சாதாரண உலோக இழுவிசை உணரிகளில் இது 2-ஐ ஒட்டியே இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் இது மிக நல்ல உணர்திறன். ஆனால் வெப்பநிலை 1 டிகிரி மாறினாலும் மின்தடை 1.8 சதவீதம் மாறிவிடுகிறது. குளிரூட்டிய அறையில் மாட்டியிருந்த சட்டையை உடலில் அணிந்ததும் துணி 5 டிகிரி சூடேறுவதாக வைத்துக்கொண்டால், மின்தடை 9 சதவீதம் மாறும். கருவிக்கு அது 0.7 சதவீத நீட்சியாகத் தெரியும். முழங்கால் மடங்குவதைப் போன்ற பெரிய அசைவில் இந்தப் பிழை அமுங்கிவிடும். அமைதியாக மூச்சுவிடும்போது மார்புச் சுற்றளவில் ஏற்படும் சிறு மாற்றத்தை அளக்க முயன்றால் இதுவே அளவீட்டை விழுங்கிவிடும்.

அவர்கள் நேர்மையாகப் பதிவுசெய்த இன்னும் இரண்டு குறைகள் உண்டு. துணியைச் சட்டென்று இழுத்துப் பிடித்தால் மின்தடை நிலைகொள்ளச் சில நிமிடங்கள் ஆகின்றன; மேலும் எதுவும் செய்யாமல் வைத்திருந்தாலும் நாளாக ஆக மின்தடை மாறிக்கொண்டே போகிறது. இந்தக் காரணங்களால் அக்குழு பிற்பாடு கார்பன் கலந்த ரப்பர் பூச்சுகளின் பக்கம் திரும்பியது. வொல்லாங்காங் குழுவினரோ அதே வகைப் பாலிமரோடு தொடர்ந்து வேலை செய்து பயனுள்ள ஒரு கருவியைக் கொடுத்தார்கள். அவர்களுடைய பட்டை கோணத்தைத் துல்லியமாக அளந்து சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. எல்லையைத் தாண்டியதா, இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும். பட்டையும் பயன்படுத்திய பிறகு மாற்றிவிடக்கூடியதாகவே வடிவமைக்கப்பட்டது. பொருளால் எந்தக் கேள்விக்கு நம்பகமாகப் பதில் சொல்ல முடியுமோ அந்தக் கேள்வியை மட்டும் அதனிடம் கேட்ட இந்த அணுகுமுறையை நான் மிகவும் மதிக்கிறேன். இன்று வெளியாகும் பல கட்டுரைகளில், ஒரே துணி நாடித்துடிப்பையும் நடையையும் தொண்டை அசைவையும் விரல் மடங்குவதையும் அளப்பதாக அடுத்தடுத்து வரைபடங்கள் காட்டப்படுகின்றன. அவற்றில் எந்த ஒன்றையும் ஓராண்டு அணிந்து பார்த்ததற்கான சான்று அரிதாகவே இருக்கிறது.

சீரான படிவைப் பற்றி நான் அதிகம் பேசக் காரணம் உண்டு. துணியின் மின்தடையைச் சதுரத்துக்கு இத்தனை ஓம் என்ற அளவில் குறிப்பது வழக்கம். சதுரம் சிறியதானாலும் பெரியதானாலும், நீளமும் அகலமும் ஒரே விகிதத்தில் மாறுவதால், எதிரெதிர் விளிம்புகளுக்கு இடையேயுள்ள மின்தடை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. துணி முழுதும் படிவு ஒரே மாதிரி இருந்தால் மட்டுமே இது உண்மை. கறுப்பேறிய சிங்கிள் ஜெர்சி என்னும் எளிய பின்னல் துணி ஒன்றிலிருந்து ஒரு சதுரத்தை வெட்டி, இரு விளிம்புகளிலும் செம்புப் பட்டைகளை அழுத்தி வைத்து, முதலில் நீளவாக்கிலும் பிறகு அகலவாக்கிலும் அளந்து பாருங்கள்: இரண்டு எண்களும் ஒத்துப்போகாது, ஏனென்றால் இழை ஓடும் திசையிலும் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோக்கும் திசையிலும் மின்சாரத்துக்குக் கிடைக்கும் பாதை வேறு. அது பின்னலின் இயல்பு, கணக்கில் கொள்ளலாம். ஆனால் அதே துணியின் கரையோரத்திலும் நடுவிலும் ஒரே திசையில் அளந்து எண்கள் மாறினால், அது தொட்டியில் நேர்ந்த குறை. எங்கள் தொழிலில் இதைத்தான் லெவல் இல்லை என்கிறோம். கண்ணுக்கு இரண்டு இடங்களும் ஒரே கறுப்பாகத் தெரியும். மல்ட்டிமீட்டருக்கு அப்படித் தெரியாது. சாயமேற்றலில் ஒரு ஷேடு வேறுபாட்டைக் கண்டுபிடிக்க நாம் ஒளிப்பெட்டியை நம்புகிறோம். இங்கே மின்தடையே அந்த வேலையை அதைவிடக் கறாராகச் செய்கிறது. துணியில் எஞ்சியிருக்கும் பின்னல் எண்ணெயும் மென்மையூட்டியும் படிவைத் திட்டுத்திட்டாக்கும் என்பதால், முன்தயாரிப்பு, அதாவது துணியை முதலில் சுத்தப்படுத்தும் வேலை, வெள்ளைத் துணிக்குச் செய்வதைவிடக் கூடுதல் கவனத்துடன் செய்யப்பட வேண்டும். லைக்ராத் துணியை ஸ்டெண்டர் என்னும் விரித்துச் சூடேற்றும் இயந்திரத்தில் வெப்பமேற்றி நிலைப்படுத்துவதையும் படிவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அந்த வெப்பத்தைப் பாலிபைரோல் தாங்காது.

சலவையைப் பொறுத்தவரை, பாலிபைரோலும் காரத்தில் தன் மின்சுமையை இழக்கிறது. சங்கிலியோடு சேர்ந்திருக்கும் எதிர்மின் அயனி சிறியதாக இருந்தால் அது எளிதில் கழுவிப் போய்விடுகிறது. ஆகையால் குளோரைடுக்குப் பதிலாக ஆந்த்ராகுவினோன் சல்ஃபோனிக் அமிலம் போன்ற பருத்த அயனிகளைச் சேர்த்தால் ஆயுள் கணிசமாகக் கூடுகிறது. இந்த வழியில் இன்னும் முன்னே போயிருப்பது பெடாட். ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் 1980-களின் பிற்பகுதியில் உருவான இப்பாலிமர், பிஎஸ்எஸ் என்னும் இன்னொரு பாலிமரோடு சேர்ந்து நீரில் கலந்த நீல நிறக் கலவையாகக் கிடைக்கிறது. ஒளிப்படச் சுருளில் நிலைமின்சாரம் சேராமல் தடுப்பதே அதன் முதல் பெரிய பயன்பாடு. ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் முல்லரின் குழு 2017-இல் பட்டு நூலுக்கு இதைச் சாயமாகவே ஏற்றி, 40 மீட்டர் நீளம் வரை எடுத்து, சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 14 சீமன்ஸ் கடத்துதிறனுடன், சலவை இயந்திரத்தில் மீண்டும் மீண்டும் துவைத்தும் தாங்கும் நூலைப் பெற்றது. ஜப்பானில் டோரே என்னும் இழை நிறுவனமும் என்.டி.டி. என்னும் தொலைத்தொடர்பு நிறுவனமும் 2014-இல் அறிவித்த ஹிடோயே என்ற துணி, 700 நானோமீட்டர் விட்டமுள்ள பாலியெஸ்டர் நுண்ணிழைகளில் பெடாட் கலவையை ஊறவைத்துச் செய்யப்பட்டது. இதயத் துடிப்பின் மின்குறியைத் தோலிலிருந்து வாங்க அது பயன்படுகிறது. இழைகள் மிக நுண்ணியவை என்பதால் கலவை உள்ளே ஆழ்ந்து பிடித்துக்கொள்கிறது. மேலும் இங்கே அளக்கப்படுவது மின்தடை அன்று, உடலிலிருந்து வரும் மின்னழுத்தம்; துணியின் மின்தடை சற்று மாறினாலும் அளவீடு குலைவதில்லை. தோலோடு நல்ல தொடர்பு இருந்தால் போதும்.

எங்கள் ஊரிலிருந்து இதைப் பார்ப்பவன் கழிவுநீரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பாலிபைரோல் உருவாக, ஒரு மோல் பைரோலுக்கு ஏறத்தாழ 2.3 மோல் ஃபெரிக் குளோரைடு வேண்டும். எடையில் கணக்கிட்டால் 1 கிலோ பைரோலுக்கு 5.6 கிலோ நீரற்ற ஃபெரிக் குளோரைடு. வினை முடிந்ததும் அந்த இரும்பு முழுவதும் கரைந்த நிலையில், அமிலத்தோடு சேர்ந்து தொட்டியிலேயே நிற்கிறது. துணியில் ஒட்டாத கறுப்புத் துகள்களும் அதில் மிதக்கின்றன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட நாட்களைக் கண்டவர்களுக்கு, சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு, இந்த எண்ணின் கனம் புரியும். துணியில் ஃபெரிக் உப்பை மட்டும் ஏற்றிக் காயவைத்து, பைரோல் ஆவியை அதன் மேல் படரவிடும் முறையில் தொட்டியில் வீணாகும் பாலிமர் மிகவும் குறைகிறது, ஆனால் இரும்பு அலசும் நீரில் வந்தே தீரும். பெடாட் கலவையைப் பேடிங் மேங்கிள் என்னும் உருளை இயந்திரத்தில் பிழிந்து ஏற்றி உலர்த்தும் முறையில் அத்தகைய உப்புச் சுமை இல்லை. கலவையின் விலைதான் அதிகம். கழிவைச் சுத்திகரிக்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த விலை வேறுபாடு எவ்வளவு சுருங்கும் என்பதை ஆலைகள் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது நான் தேடும் விவரங்கள் சில உண்டு. வீட்டுச் சலவையைப் போலத் துவைத்துச் சோதிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 6330 முறைப்படி, உண்மையான சலவைத்தூளுடன் துவைத்த பிறகு மின்தடை என்ன ஆயிற்று. உரசல் சோதனையில் வெள்ளைத் துணியில் கறுப்பு எவ்வளவு ஒட்டியது. வியர்வைக் கரைசலில் ஊறிய பிறகு அதே நீட்சிக்கு அதே பதில் வந்ததா. கடத்தும் துணி கம்பியோடு சேரும் இடத்தில் பொத்தானா, தையலா, அந்த இணைப்பு எத்தனை முறை இழுத்தும் தளராமல் நின்றது. இவற்றோடு, ஒரே செய்முறையில் வெவ்வேறு நாட்களில் எடுத்த லாட்டுகளின், அதாவது ஒரே தடவையில் தொட்டியில் இறக்கிய துணித் தொகுதிகளின், மின்தடையை அருகருகே வைத்த அட்டவணையையும் ஆய்வாளர்கள் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு சட்டையின் உடலையும் கையையும் வெவ்வேறு லாட்டுகளிலிருந்து வெட்டக் கூடாது என்பது எங்கள் வெட்டும் மேசைகளில் எழுதாமலே நடைமுறையில் உள்ள விதி. ஓர் ஆடையின் இரு முழங்கால்களிலும் உணரி வைக்கும் நாளில் அந்த விதி மின்தடைக்கும் பொருந்தும், அதற்கு எத்தனை சதவீத வேறுபாட்டை அனுமதிக்கலாம் என்பதை இப்போதே அளந்து முடிவுசெய்யத் தொடங்கலாம்.